பலூன் வைத்திருந்த மாதங்கள்

காலை எட்டே முக்காலுக்கு அத்தான் போன் செய்தார். கடையின் ஷட்டரைத் தூக்கக் குனிந்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். "ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டா" என்றார். மாரடைப்பு. என் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது.

நான் போனபோது வீட்டுக்கூடம் நிறைய ஆட்கள். அத்தான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் எல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "தலை ஆபரேஷனப்பவும் நான்தான் கூட இருந்தேன். எல்லாமே அவ இஷ்டப்படிதான் செஞ்சேன்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே வாய்க்குள் நின்றுபோனதை இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் இருவரும் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தினார்கள். பத்தடி அகலம்; மூன்று சுவரிலும் பிரேம்கள், நடுநடுவே முகம் பார்க்கும் கண்ணாடிகள். கண்ணைச் சோதிப்பது அத்தான். பிரேமை முகத்துக்குப் பொருத்துவது அக்கா. காதுக்குப் பின்னால் வளைகிற முனையைச் சூட்டில் காட்டி இளக்கி, வளைத்து, மறுபடி மாட்டிப் பார்ப்பாள். அதற்குக் குனிய வேண்டும். குனிந்தால் அவள் உச்சந்தலை வந்தவரின் கண்ணுக்கு நேரே வந்துவிடும்.

அந்த உச்சியில் பிறக்கும்போதே ஒரு தடிப்பு. பழுப்பு நிறம், உள்ளங்கை அகலம், முடி முளைக்காது. பக்கவாட்டில் சீவி மறைத்தே வளர்ந்தாள். நாற்பது வயதை நெருங்கும்போது அது வெடித்துக் கசியத் தொடங்கியது. புற்று இல்லை, ஆனால் எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர்.

எடுத்த இடத்தை எப்படி மூடுவது என்று அவரே பொறுமையாக விளக்கினார். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டலாம். ஒரே ஆபரேஷன், செலவும் குறைவு, மூன்று வாரத்தில் ஆறிவிடும், ஆனால் அங்கே முடி வராது, வெயிலும் தாங்காது. பக்கத்துத் தோலையே நகர்த்தித் திருப்பி மூடலாம் என்றால் இவ்வளவு பெரிய இடத்துக்கு அது எட்டாது. இன்னொரு வழி, நல்ல தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்து, வாரா வாரம் ஊசியால் உப்புநீர் ஏற்றித் தோலை வளர்ப்பது. பிறகு அதை முடியோடு இழுத்து மூடலாம். ஆனால் இரண்டு ஆபரேஷன், இரண்டு மடங்குக்கு மேல் செலவு, மாதக்கணக்கில் வீங்கிய தலை, நடுவில் கிருமி புகுந்தால் அத்தனையும் வீண்.

அத்தான் சொன்னார், "ஒட்டுத்தோலே போதும் டாக்டர்."

அக்கா சொன்னாள், "எனக்கு பலூன். இத்தனை வருஷம் மறைச்சு மறைச்சே சீவிட்டேன். ஒரு தடவையாவது நடுவகிடு எடுத்துப் பாக்கணும்."

பலூன் வளர வளர அக்காவின் கேலியும் வளர்ந்தது. அதற்கு 'ரெண்டாவது மூளை' என்று பெயர் வைத்தாள். "கணக்கு தப்பினா அத்தானைக் கேக்காதே, இதைக் கேளு" என்பாள். வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், "என்னம்மா, தலைக்கனம் கூடிக்கிட்டே போகுது?" என்று கேட்டபோது, "ஆமாங்க, எல்லாம் டாக்டர் ஏத்திவிட்டது" என்றாள். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அத்தான் சிரிக்கவில்லை. கடைக்குள் கால் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்ததும் திரும்பிப் போனவர்களை அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தின மாலை நான் வார்டில் இருந்தேன். வளர்ந்த தோல் சில சமயம் முழுசாகப் போதாமல் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அக்கா அதை மறக்கவில்லை. கட்டிலருகே நின்ற அத்தானிடம் சொன்னாள்.

"இங்க பாருங்க, தோல் பத்தலன்னா பலூனைத் திரும்ப வைக்கச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு மாசம் நான் தாங்கிப்பேன். நான் மயக்கத்துல இருப்பேன், நீங்கதான் சொல்லணும்."

"சரி சரி, சொல்றேன். தூங்கு."

மறுநாள் நான் வேலை முடிந்து போனபோது அவள் கண் விழித்திருந்தாள். தலையில் பெரிய கட்டு. அவள் அதைத் தொடவில்லை. "தொடை ஏன்டி இப்படி எரியுது?" என்றாள். போர்வையை விலக்கினேன். வலது தொடையிலும் ஒரு கட்டு இருந்தது.

ஜன்னலோரம் நின்ற அத்தான், "அதெல்லாம் டாக்டர் முடிவு, நமக்கென்ன தெரியும்" என்றார்.

டாக்டருக்கு மறைக்க எதுவும் இல்லை. மறுநாள் காலை கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாதிக்கு மேல முடியோட மூடிட்டேம்மா. உச்சியில பத்தல. பலூனைத் திரும்ப வைக்கலாமா, இல்ல இன்னிக்கே ஒட்டி முடிச்சிடலாமான்னு உங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். முடிச்சிடுங்கன்னாரு."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அவர் போனைப் பார்த்தார்.

பிறகு என்னிடம் அவர் நியாயம் பேசினார். "நாள்பூரா கண்ணாடிக்கு நடுவுல நிக்கிற கடை. இன்னும் ரெண்டு மாசம் அந்தத் தலையோடன்னா? செப்டிக் ஆயிருந்தா என்ன பண்ணுவே? நானும் மனுஷன்தானே?" தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது எதுவும் தவறில்லை. ஒட்டிய தோல் மூன்று வாரத்தில் ஆறியது. செலவும் அத்தோடு நின்றது. அம்மாவுக்கும் அதில் நிம்மதிதான். "எப்படியோ ஒரு வழியா முடிஞ்சுதே" என்றாள்.

அக்கா ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள், கட்டு மாற்றிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில். "நம்ம கடையில ஒருத்தர் பிரேம் வாங்க வந்தாக்கூட, நாலஞ்சைப் போட்டுக் காட்டி, எது வேணும்னு அவரையேதான் கேக்குறோம். என் தலைக்கு நான் பதிலும் சொல்லிட்டுத்தானே படுத்தேன்."

அதன் பிறகு உச்சியை மறைத்துத் துணி கட்டிக்கொண்டாள். கடையில், வீட்டில், தூக்கத்தில்கூட. ஒட்டிய தோல் வெயில் காலத்தில் வெடிக்கும். மருந்து தடவ என் வீட்டுக்கு வருவாள். அவரோடு அதே கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். சண்டை போடவில்லை. கேலி பேசுவதையும் விட்டுவிட்டாள். அத்தான் அந்த இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சாவு வீட்டில் யாரோ அந்தத் துணியை அவிழ்க்க வந்தபோது வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

போன மாதம் அவள் தனியாக அந்த டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். மறுபடியும் பலூன் வைத்து, ஒட்டுத்தோலை எடுத்துவிட்டு மூட முடியும் என்றாராம். என்னிடம் மட்டும் சொன்னாள். "இந்தத் தடவை கதவுக்கு வெளிய நீதான் நிக்கணும். யார் கேட்டாலும் நான் சொன்னதைத்தான் சொல்லணும்."

"சொல்றேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆஸ்பத்திரியில் அவள் என் போன் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன மறுநாள் அங்கிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பலூன் ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அட்மிஷன். உறுதி செய்ய ஒன்று, ரத்து செய்ய இரண்டு என்று பதில் அனுப்பவும். நான் இன்னும் எந்தப் பதிலும் அனுப்பவில்லை.