தொட்டித் தண்ணீர் வெளுத்தது: பினாங்கில் ஒரு மேனிஃபோல்ட் செய்த கதை

டர்போ கார் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது எழுதிக் கேட்கிறார்கள்: இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்ட் செய்ய பினாங்கு வரை போகலாமா? போகலாம். போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ஈப்போவிலிருந்து போய், ஞாயிறு மாலை திரும்பினேன். வேலை சுத்தம். மற்றதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கார் முதலில் என்னுடையது இல்லை, பார்வதி அக்காவின் கணவருடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால், தெலுக் பகாங் தாண்டிய மலைப்பாதையில், ஓட்டிக்கொண்டிருந்தபோதே அத்தானுக்கு இதயம் நின்றுவிட்டது. கார் ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆட்கள் வந்து பார்த்தபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். பதினாறாம் நாள் முடிந்ததும் அக்கா சாவியை என்னிடம் கொடுத்தாள். ஒரே நிபந்தனை: அந்த மலையில் மட்டும் ஓட்டக்கூடாது. சரி என்று தலையாட்டினேன்.

என்னிடம் வந்த ஆறாம் மாதம் மூன்றாவது பிஸ்டன் உருகியது. பழைய மேனிஃபோல்ட் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றைச் சமமாகப் பிரித்துத் தரவில்லை என்றார்கள். இன்ஜினைப் பிரித்துக் கட்டியாயிற்று. இன்னொரு முறை உருகினால் அதோடு சரி. அதனால்தான் புக்கிட் தெங்காவில் பட்டறை வைத்திருக்கும் சேவியர் அண்ணனைப் பிடித்தேன். காரை இரண்டு வாரம் முன்பே லாரியில் அனுப்பியிருந்தேன்.

காலை ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் போய் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காருக்குப் பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்). பதினொன்றரைக்குப் பட்டறையில் இருந்தேன். மேஜை மேல் மேனிஃபோல்ட் தயாராக இருந்தது: ஒரு நீள அலுமினியப் பெட்டி, அதிலிருந்து நான்கு குழாய்கள். கூலி இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி. காற்றோட்டத்தை அளந்து பார்க்கும் இயந்திரம் மறுநாள் காலைதான் காலியாக இருக்கும் என்றார் அண்ணன். அக்காவோ, புதுச் சாமானைச் சாமி முன்னால் ஒரு ராத்திரி வைத்தே தீரவேண்டும் என்று சொல்லியிருந்தாள். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த் போய், அக்கா வீடு இருக்கும் தீவுக்கு ஃபெரி ஏறினேன்.

நடுக்கடலில் துண்டு விலகியது. குழாய்களின் வாயில் காற்று பட்டதும் மேனிஃபோல்ட் முனகத் தொடங்கியது. தாழ்ந்த, ஒரே சீரான முனகல். பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண்மணி எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். துண்டை இறுக்கிக் கட்டியும் மடியில் ஒரு அதிர்வு இருந்துகொண்டே இருந்தது.

தண்ணீர்மலைப் பக்கம் நாலாவது மாடியில் அக்காவின் வீடு. சாமி மேடையில் அத்தான் படத்துக்குக் கீழே, குழாய்கள் மேலே பார்க்கும்படி வைத்தாள். நாலு ஓட்டையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "சாப்பிட வா, தம்பி" என்றாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சோதனை. ஒவ்வொரு குழாய் வழியாகவும் இயந்திரம் காற்றை இழுத்து எவ்வளவு போகிறது என்று காட்டும். முதல் இரண்டும் ஒரே அளவு. மூன்றாவதில் முள் இறங்கியது. கூடவே ஒரு சத்தம். சாகக் கிடப்பவர்களின் தொண்டையில் மூச்சு இழுக்குமே, அந்தச் சத்தம். அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நேத்து பண்ணி முடிச்சப்ப கிளீனா இருந்துச்சு, தம்பி. உள்ள என்னமோ இருக்குலா."

குழாய்களின் உள்விளிம்பு பெட்டிக்குள் சற்றுத் தூக்கி நிற்கும். விழுந்த பொருள் சுலபத்தில் வெளியே வராது. தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குலுக்கினார். தெளிந்த தண்ணீர் மெல்ல வெளுத்தது. பிறகு மணிமணியாக அடியில் படிந்தது அரிசி. ஒரு பிடிக்குக் குறையாது.

"பூஜையில போட்டதா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பூஜையில் தூவும் அட்சதையில் மஞ்சள் கலந்திருக்கும். இது வெறும் பச்சரிசி. இப்படி வெறும் பச்சரிசியைத் திறந்த வாயில் போடுவது எப்போது என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கு நானும் போட்டிருக்கிறேன்.

கழுவிக் காயவைத்த பிறகு நான்கு குழாயும் ஒரே அளவு காட்டின. காற்றடைத்துத் தொட்டியில் முக்கியபோது ஒரு குமிழிகூட வரவில்லை. நாலு மணிக்குள் காரில் பொருத்தியாயிற்று.

இடையில் சில குறிப்புகள். சோதனைக்கு முந்நூற்றைம்பது வெள்ளி தனி. பட்டறையை விட்டு எடுத்துப் போவதானால் குழாய்களை ரப்பர் மூடி போட்டு அடைத்துக்கொள்ளுங்கள், துண்டை நம்பாதீர்கள். ஓட்டும் முன் எத்தனை முறை அளந்திருந்தாலும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். அந்த அரிசியோடு ஓட்டியிருந்தால் என் இன்ஜின் அன்றே போயிருக்கும்.

பட்டறை வாசலிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அரிசி நீ போட்டதா?"

"ஆமா."

"அது அட்சதை இல்லக்கா."

"தெரியும்." பிறகு கேட்டாள்: "நாளைக்கு எந்த ரோட்டுல ஓட்டிப் பாக்கப் போற?"

மலைப்பாதையில்தான் என்று முடிவு செய்திருந்தேன். நீண்ட ஏற்றத்தில் டர்போவின் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியாது. அவளிடம் மறைத்திருந்தேன். அன்று பொய் வாயில் வரவில்லை, சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நானும் வரேன்" என்றாள்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினோம். தெலுக் பகாங் தாண்டியதும் வெயில் மறைந்து, சாலை மரங்களுக்குள் நுழைந்தது. எதிரே ஒரு வண்டி வரவில்லை. கார் அருமையாக ஏறியது, அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. அத்தான் நின்ற வளைவு வந்ததும் என் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது. இன்ஜின் சத்தம் அடங்கியது. முன்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. டர்போ காரில் காலை எடுத்தால் காற்று வெளியேறும் சத்தம்தான் அது. ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அன்று அது முடிய நேரமானது. கார் தானாக ஓரத்துக்குப் போவதுபோல் இருந்தது. ஸ்டியரிங்கை நான் திருப்பினேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"இவனையும் கேக்காத. உனக்குத்தான் முந்தாநேத்தே வாய்க்கரிசி போட்டாச்சு" என்று காரிடம் சொன்னாள். "பேசாம போ."

காலை அழுத்தினேன். கார் போனது.