ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி

என் உடம்புக்கு என்ன என்று நான் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. அது என் மனைவியின் இலாகா. தெலுங்கும் உருதுவும் பேசுகிற திருமுல்கேரியில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் நான் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவேன். அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லுவாள். டாக்டரம்மா தெலுங்குக்காரர். என் வியாதிகளைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டார்.

கொரோனா வந்ததும் கிளினிக்கே தலைகீழானது. வேப்பமரத்தடியில் ஆளுக்கு ஆள் எட்ட எட்ட நாற்காலி. ஒருவர் எழுந்தால் அதைத் துடைத்த பிறகே அடுத்தவர் உட்காரலாம். காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவைத்திருந்தார்கள். டாக்டரம்மா தலை முதல் கால் வரை வெள்ளை உறையைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். எல்லாம் சரி. துணைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்களே, அங்கேதான் இடித்தது.

அன்று காலையிலிருந்து என் நெஞ்சில் ஏதோ கனம். நான் வாயைத் திறக்கவில்லை. "முகமே சரியில்லை" என்று மனைவிதான் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தாள். வாசலில் வாட்ச்மேன் என் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்துவிட்டு, ஐயா மட்டும்தான் உள்ளே, நீங்கள் வேண்டாம் என்று உருதுவில் அவளை மறித்தார்.

"சாப் அகேலே ஜாயேங்கே. ஆப் நக்கோ, அம்மா."

"கைக்கு நக்கோ? ஏன் வேணாம்? அவருக்கு என்னன்னு அவருக்கே தெரியாதுப்பா!"

வாட்ச்மேனுக்குச் சட்டம் சட்டம்தான். பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பையனைப் போல நான் மட்டும் உள்ளே போனேன்.

"எங்கே வலி?" என்றார் டாக்டரம்மா.

எங்கே என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் பயம். நெஞ்சு என்று சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. தனியாகக் கிடந்தே போய்ச் சேர வேண்டியதுதான்.

"ஒண்ணுமில்லை டாக்டர், வாயு" என்றேன். அவரும் மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

"பொய்!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, மாஸ்க்கோடு, ஜன்னலுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தாள் என் மனைவி. சட்டத்தை மீறவில்லையாம்.

"டாக்டர், ரெண்டு நாளா இடது தோளைத் தேச்சிக்கிட்டே இருக்காரு. மாடிப்படியில பாதியில நின்னு, போன் பாக்கிற மாதிரி நடிக்கிறாரு. நேத்து மிர்ச்சி பஜ்ஜி போட்டேன். வேணாம்னுட்டாரு!"

வேப்பமரத்தடி மொத்தமும் சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பஜ்ஜியை நிறுத்தச் சொல்லி வருஷக்கணக்கில் என்னிடம் தோற்றவர் அவர். பேனாவை மூடிவிட்டு ஈ.சி.ஜி. எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

அதிலும் நான் மட்டும்தான். கதவைச் சாத்துவதற்குள் அவள் எனக்குப் பாடம் நடத்தினாள்.

"எங்க வலின்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நெஞ்சு. இடது தோள்."

"வாயுன்னு மட்டும் சொன்னீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

அந்த மிரட்டல் கொடுத்த தைரியத்தில்தான் போனேன். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம், தரை துடைக்க வந்தவரிடம்கூட, ஒப்பித்தேன். அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுபடி கிளினிக்குக்குப் போனபோது ஜன்னலுக்கு வெளியே புதிதாக ஒரு நாற்காலி போட்டிருந்தது. வாட்ச்மேன் அதைத் துடைத்துவிட்டு, "பைட்டோ அம்மா" என்று அவளை உட்காரச் சொன்னார். உள்ளே டாக்டரம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். ஒரு டாக்டர் கேட்டு என் மனைவி பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

"நேத்து அவரே பஜ்ஜி கேட்டாரு, டாக்டர்" என்றாள் கடைசியில். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.