ஆறாவது ஆள்

போன ஞாயிறு மத்தியானம் மகள் மடிக்கணினியில் ஒரு திகில் விளையாட்டில் மூழ்கியிருந்தாள். ஆளில்லாத ஒரு ஆஸ்பத்திரி, ஒரு டோர்ச், எங்கிருந்தோ ஒரு மூச்சுச் சத்தம். சுடுவதற்குத் துவக்கு இல்லை. ஒளித்து உயிர் தப்ப வேண்டும், அவ்வளவுதான். என்ன விலை என்று கேட்டேன். "சும்மா அப்பா. ஆரோ தனிய இருந்து செய்து சும்மா விட்டிருக்கினம்." கொஞ்ச நேரத்தில் மெஷின் சூடேறி, தூசி வேகும் மணம் வந்தது. நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அந்த மணம் எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் மணம். அலுவலகம் என்றால் மாடியில் இரண்டு அறை. வாரத்துக்கு ஒரு பத்திரிகை. மூன்று கணினி, ஒரு மின்விசிறி. விசிறி கணினிகளுக்கு, எங்களுக்கல்ல. இரண்டு கூரைகளுக்கு நடுவே உள்துறைமுகத்துத் தண்ணீர் ஒரு கையகலம் தெரியும். அந்த இடைவெளியைச் சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல் கடக்கும்போது யன்னலில் நிற்கக்கூடாது என்பது ஆசிரியரின் கட்டளை. சமாதானம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்த வருஷங்கள். நான் நிருபர். ஒருவருடைய தலைப்பெழுத்தோ வயதோ என் செய்தியில் பிழையாக வந்ததில்லை என்று எனக்கு ஒரு பெருமை. கோடு போடும் அளவுகோலை நினைத்து எனக்கு 'அடிமட்டம்' என்று பட்டப்பெயர். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பக்கங்களை வடிவமைத்தவர் றெஜினா. பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருவார். வழியில் மூன்று சோதனைச்சாவடி. மரண அறிவித்தல்கள் அவருடைய பொறுப்பு. வாழ்நாளில் சேட்டுக்குப் பொத்தான் பூட்டாத மனிதர்களுக்கும் கணினியில் கோட்டும் கழுத்தில் ரையும் போட்டுவிடுவார். "மேல போகேக்க வடிவாப் போகட்டும்" என்பார். ஆசிரியர் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போனால், ஒரு நித்திரையும் கொண்டு இரண்டு மணிக்குத்தான் வருவார். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் றெஜினா சோற்றுப் பார்சலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்குவார். இணையத்தில் இலவசமாக இறக்கிய மென்பொருள். கையால் வரைந்து ஸ்கேன் பண்ணிய படங்கள். தன் வீட்டுப் படலையின் கிரீச்சிடும் சத்தம்.

"பேய் எங்க றெஜினா?" என்று முதல்நாள் கேட்டேன்.

"பேய் வராது அண்ணா. எண்ணிப் பாக்கிற ஆக்கள்தான் வருவினம்."

அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு கதவின் பின்னால் ஒரு படிவம் இருக்கவேண்டும். வீட்டில் இருப்பவர்களின் பெயர், கிராம சேவகரின் கையொப்பம், பொலிஸ் முத்திரை. தேடுதலுக்கு வரும் படையினர் அதைப் பார்த்துத் தலைகளை எண்ணுவார்கள். ஒருவர் கூடினால் யார் என்பார்கள். குறைந்தால் எங்கே என்பார்கள். விளையாட்டு அதுதான். படிவத்தில் ஐந்து பெயர். வீட்டில் ஆறு பேர். நாய் குரைத்ததும் ஓடிப்போய்ப் படிவத்தை வாசித்து, பெயர் இல்லாதவரை அலுமாரிக்குள்ளோ கிணற்றடியிலோ ஒளித்துவிட வேண்டும். முதல் முறை பெயர் இல்லாதவர் ஊரிலிருந்து வந்த மாமா. அடுத்த முறை மாமாவின் பெயர் இருக்கும், தங்கச்சியின் பெயர் இராது. ஐந்தாவது முறை வாசித்தால் வீட்டில் எல்லாருடைய பெயரும் இருக்கும். இல்லாதது விளையாடுகிற ஆளின் பெயர். பட்டப்பகலில், வெளியே பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, எனக்குக் கைமயிர் சிலிர்த்தது.

"இதைக் காசுக்கு விக்கலாமே?"

"ஆர் அண்ணா காசு குடுத்துப் பயப்பிடுவினம்? நாங்கள் சும்மாதானே பயப்பிடுறம். அவையளும் சும்மாவே பயப்பிடட்டும்."

ஏதோ ஒரு இணையத்தளத்தில் ஏற்றினார். தூரதேசத்திலிருந்து ஒருவர் அதன் கீழே, 'அந்தப் பெயர்ப் பட்டியல் அபாரமான கற்பனை' என்று எழுதியிருந்தார். றெஜினா அதை வாசித்துச் சிரித்ததில் சோறு புரையேறி, நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு மட்டும் ஒரு குறை. படிவத்தை அவர் கொப்பியில் கிழித்த ஒற்றையில் கோடு போட்டுக் கீறியிருந்தார்.

"கூப்பன் துண்டு மாதிரிக் கிடக்கு. உண்மைப் படிவத்தில மூண்டாவது நிரலில உறவுமுறை, ஐஞ்சாவதில அடையாள அட்டை இலக்கம். முத்திரை இடப்பக்கம், கொஞ்சம் சரிஞ்சு."

"இது ஒரு வருத்தம் அண்ணா உங்களுக்கு. மருந்து எடுங்கோ."

நான் விடவில்லை. அடுத்த வாரம் ஒரு செய்திக்காகக் குறிஞ்சாக்கேணிப் பக்கம் போனேன். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, மிதவையில்தான் கடக்கவேண்டும். அதற்கு நாங்கள் 'பாதை' என்போம், மோட்டார் சைக்கிள்களும் ஆடுகளும் மனிதர்களும் ஒரே நெருக்கத்தில் நிற்பார்கள். போன இடத்தில் ஒரு அலுவலக மேசையில், நேரத்தை மிச்சம் பிடிக்க முன்கூட்டியே முத்திரை குத்திய வெற்றுப் படிவங்கள் கட்டாக இருந்தன. இருந்தவர் தேத்தண்ணி சொல்ல எழுந்த இடைவெளியில் ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்தேன். மறுநாள், இனிப்பு வாங்கி வந்தவன்போல் றெஜினாவிடம் கொடுத்தேன். அவர் ஸ்கேன் பண்ணி விளையாட்டுக்குள் சேர்த்தார். "இப்பதான் சரி" என்றேன். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினேன்.

மூன்று வாரம் ஆகவில்லை, ஒரு காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் தேடுதல். எங்களைச் சுவரோடு நிறுத்திவிட்டுக் கணினிகளைத் திறந்தார்கள். மரண அறிவித்தல்கள் வந்தன. பிறகு முத்திரையோடு ஒரு வெற்றுப் படிவம் வந்தது. அதன் பக்கத்தில் அதே படிவம், ஊரில் எவருக்கும் இல்லாத ஐந்து பெயர்களோடு. கூடவே றெஜினா தனக்கு எழுதி வைத்திருந்த குறிப்பு: 'ஆறாவது ஆளை ஒளிக்க வேண்டும்.'

வந்தவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். "ஆறாவது ஆள் யாரு?" என்று கேட்டார்.

"அது விளையாடுற ஆள் சேர்."

அவர் சிரிக்கவில்லை. "முத்திரை போட்ட படிவம் எங்க இருந்து?"

நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். றெஜினா என் பக்கம் திரும்பவேயில்லை. "எங்கட வீட்டுப் படிவம் சேர். நான்தான் ஸ்கேன் பண்ணிப் பேருகளை அழிச்சனான்."

அந்தப் பொய் உண்மையைவிடப் பாரமானது என்பது எனக்கு அப்போதே தெரியும். வெற்றுப் படிவம் ஒன்று கையில் கிடைத்தது என்பது வேறு. முத்திரை விழுந்த படிவத்தில் பெயர்களை அழித்தேன் என்பது வேறு. 'நான் கொண்டுவந்து கொடுத்தனான்' என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கணினியையும் அவரையும் கொண்டுபோனார்கள். நான் நேரே வீட்டுக்குப் போய், குசினி அடுப்பில் அந்தப் படிவத்தை எரித்தேன். மனைவி என்ன மணம் என்று கேட்டார். பழைய பில் என்றேன். முத்திரை மை எரியும்போது விளிம்பு பச்சையாகும். அதையும் கவனித்து வைத்திருக்கிறேன், பழக்கதோஷம்.

மறுநாள் றெஜினாவின் அம்மா வந்தார். "தம்பி, நீங்கள் பேப்பர்காரர். பிள்ளை விளையாட்டுத்தான் செய்தவள் எண்டு நாலு வரி எழுதுங்கோ. எழுதினால் வெளியில தெரியும், விட்டிடுவினம்." நாலு வரிதான் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் வந்தது. 'போலிப் படிவம் கணினியில் வைத்திருந்ததாகக் கூறப்படும் யுவதி ஒருவர் கைது.' விளையாட்டு என்ற சொல் அதில் இல்லை. விளையாட்டு என்று எழுதினால், படிவம் எப்படி வந்தது என்றும் எழுதவேண்டி வரும். அம்மா பத்திரிகையை மடித்துப் பிடித்துக்கொண்டு திரும்ப வந்தார்.

"போலி எண்டு ஏன் தம்பி போட்டனீங்கள்?"

"'கூறப்படும்' எண்டும் போட்டிருக்கு அம்மா."

அவர் பத்திரிகையை என் மேசையில் வைத்தார். பிறகு படியிறங்கிப் போனார். பாலையூற்றில் அந்த நாலு வரியை எல்லாரும் வாசித்திருந்தார்கள். அவர்கள் வீட்டு ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அம்மாவோடு கதைப்பதை ஆட்கள் நிறுத்திக்கொண்டார்கள் என்று பிறகு அறிந்தேன்.

றெஜினாவைப் பதினொரு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். வழக்கு எதுவும் போடாமல் விட்டார்கள். ஒருநாள் றெஜினா அலுவலகத்துக்கு வந்து தன்னைக் கொண்டுபோன வாரத்துப் பத்திரிகையைக் கேட்டார். நின்றபடியே மூன்றாம் பக்கத்தை வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணா. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"றெஜினா, நான் அண்டைக்கு..."

"உங்களுக்குச் சின்னப் பிள்ளை இருந்தது. நான் கலியாணம் கட்டாத தனி ஆள். கணக்குப் பாத்துத்தான் சொன்னனான்." பத்திரிகையை இருந்த இடத்தில் வைத்தார். "ஆனா அம்மாவுக்கு நீங்கள் எழுதியிருக்கலாம்."

அந்த வருஷமே வெளிநாடு போய்விட்டார். எந்த நாடு என்று எனக்குச் சொல்லவில்லை; கேட்கும் உரிமையும் எனக்கு இருக்கவில்லை. கொண்டுபோன கணினி திரும்பி வரவில்லை. விளையாட்டு இருந்த இணையத்தளம் பிறகு திறக்கவில்லை. எங்கள் மாடியில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். பத்திரிகை நின்றபோது பழைய இதழ்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்கு நிறுவைக்குப் போட்டதும் நாங்கள்தான். றெஜினாவின் அம்மாவும் இல்லை.

பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவில் வரவேண்டும் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். நாலு வரியை எழுதி வைத்திருக்கிறேன். படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் இப்பத்திரிகையின் நிருபரே என்று அதில் இருக்கிறது. நீங்கள் இதை வாசித்துவிட்டீர்கள்; அது போதாது. பாலையூற்றில் அதை வாசிக்க வேண்டிய ஒழுங்கையில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். மூன்றாம் பக்கமும் இல்லை.