ஒன்பது இருக்கையும் ஓர் எடை மெஷினும்

பெரிய விமானத்தில் பெட்டியை மட்டும் நிறுப்பார்கள். எங்கள் சின்ன விமானத்தில் ஆளையும் சேர்த்து நிறுப்போம். மெஷினில் ஏறும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுக்கும் அன்பர்களே, உங்கள் சங்கடம் எனக்குத் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து ஓர் உல்லாசத் தீவுக்கு ஒன்பது பேரை ஏற்றிப் போவது எங்கள் பிழைப்பு. தீவின் ஓடுபாதை ரொம்பக் குட்டை. அளவுக்கு மேல் ஐந்து கிலோ கூடினாலும் புறப்பட முடியாது. நிறுப்பவர் மிக்கேல் அண்ணாச்சி. முன்பு மீன் ஏலக்கூடத்தில் இருந்தவர், பார்த்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவார். நான் நாலு வருஷமாகத் துணை விமானி. கேப்டனாவதற்கு ஒரு பரிசோதனை ஓட்டம்தான் பாக்கி. அதில் கோட்டைவிட்டால் இன்னும் எத்தனை வருஷமோ என்ற பயத்தில் அப்போதெல்லாம் சாப்பாடே இறங்கவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மரியாதை இருக்கை

பின்பக்கம் கனத்தால் விமானம் மூக்கைத் தூக்கும். அதனால் கனமானவர்களுக்கு முன் இருக்கை. இதை அப்படியே சொன்னால் அடிதான் விழும். "மரியாதைப்பட்டவங்களுக்கு முன் சீட்டு" என்று சொல்லி மிக்கேல் அண்ணாச்சி சமாளித்துவிடுவார்.

நாசரேத் ஊரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் மகன், மருமகளோடு வந்தார். முன் இருக்கை கிடைத்ததும் மருமகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஒரு வாரம் கழித்துத் தீவிலிருந்து திரும்பும்போதும் எல்லோரையும் நிறுத்தோம். விடுதிச் சாப்பாடு மருமகள் உடம்பில் நன்றாகவே ஒட்டியிருந்தது. மாமியாரோ உப்புச் சப்பில்லை என்று பாதிப் பட்டினி. இருக்கை மாறிப்போனது. டீச்சரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாரத்துல எம் மரியாதையில என்ன தம்பி கொறஞ்சு போச்சு?"

பதினோரு கிலோ

பெட்டி பத்து கிலோவுக்கு மேல் கூடாது என்பது விதி. தீவு விடுதியில் வேலைக்குச் சேரப் போன சாயர்புரத்துச் சமையல்காரர் ஒருவரின் பெட்டி சரியாகப் பத்து. ஆனால் அவர் மெஷினில் ஏறியதும் எழுபத்தொன்று காட்டியது. "நீரு அறுவது கிலோ ஆளுல்லா, மிச்சம் பதினோரு கிலோவ எங்கன வச்சிருக்கீரு?" என்றார் மிக்கேல் அண்ணாச்சி.

சட்டைக்குள் ஒரு சட்டை, அதற்குள் இன்னொன்று. அதற்கும் உள்ளே, வயிற்றோடு துண்டு போட்டுக் கட்டிய அம்மிக் குழவியும் சீலாக் கருவாடும். மிக்ஸியில் அரைத்தால் ருசி வராதாம். பிடிபட்ட வெட்கம் அவரிடம் கொஞ்சமும் இல்லை.

"பொட்டிக்குத்தான அளவு சொன்னீய, ஆளுக்கு ஒண்ணும் சொல்லலையே!"

தண்டல் கும்பிட்டது

சரக்குத் தோணி ஓட்டும் தண்டல் ஒருவர் முதல்முறையாக எங்களோடு பறந்தார். விமானி அறைக்குக் கதவு கிடையாது. இறங்கும் நேரம் குறுக்குக் காற்று அடித்தது. "காத்து அங்கனயிருந்து வருது, மூக்கைத் திருப்பும்" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கட்டளை. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் கொடுமை. தரையிறங்கியதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தோணியில வந்தா மூணு நாளு கும்பிடணும், இதுல ரெண்டு மணி நேரத்துல மொத்தத்தையும் கும்பிட்டாச்சு."

அந்த ஓட்டம்

கடைசியில் பரிசோதகர் சென்னையிலிருந்து வந்தார். சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். அவருக்கு என் பக்கத்து விமானி இருக்கை; பின்னால் ஒன்பது இருக்கையும் நிறைந்திருந்தது. எடைத்தாளைப் பெருமையோடு நீட்டினேன்: அளவுக்கு நாலு கிலோ குறைவு.

மிக்கேல் அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், உங்க எடை எழுவத்தாறுன்னு போட்டிருக்கு. இது எந்த வருசத்து எடை?" என்றார். ஊரையே எடைபோட்ட நான், வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிய எண்ணையே நாலு வருஷமாக எழுதிவந்திருக்கிறேன். ஒப்புக்கொண்டால் தப்பான தாளைக் கொடுத்தவன். மழுப்பினால் பொய்த் தாளோடு ஒன்பது பேரை ஏற்றிப் போகிறவன். பயணிகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பூட்ஸோடு மெஷினில் ஏறினேன். எண்பத்தைந்து.

ஐந்து கிலோ அதிகம். யாரை இறக்குவது? ஏழு கிலோ இருந்த என் பையை இறக்கினேன். தீவில் இருக்கும் நண்பர்களுக்காக மனைவி கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து முழுவதும் அதில்தான் இருந்தது. புதிய தாளில் கையெழுத்துப் போட்டபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் பறந்தேன்.

தீவில் இறங்கியதும் பரிசோதகர் படிவத்தில் 'தேர்ச்சி' என்று எழுதி நீட்டினார். "நீங்க மெஷின்ல ஏறாம இருந்திருந்தா, நான் விமானத்துல ஏறியிருக்க மாட்டேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் ஊர் திரும்பியதும் ஓடிப்போய் மிக்கேல் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பையை எடுத்துக் கொடுத்தார். பை காற்றாடியது.

"கேப்டன், எடை கூட இருக்குன்னு சொன்னீயல்லா, கொறச்சு வச்சிருக்கோம்."

தோளில் ஒரு பட்டை கூடிவிட்டது. இனி இடுப்பில் ஒன்பது கிலோ குறைய வேண்டியதுதான் பாக்கி.