ஏழெட்டு ஐம்பத்து நான்கு

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளியில் 'வெண்கலம்' என்று பட்டப்பெயர். அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் மாடியில் இருக்கும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். பத்தொன்பது வருடம் அப்படிப் பேசிய தொண்டை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பாடும்போது சட்டென்று அடைத்துக்கொண்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது."

தலைமையாசிரியை சிஸ்டர் லீவு போடச் சொன்னார். டீச்சர் தலையாட்டி மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஜெபத்தை நடத்த வேண்டியது அவர் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாடு வேறு பாக்கி.

திங்கட்கிழமை, "இந்த வாரம் நீங்கள்தான் என் வாய்" என்று கரும்பலகையில் எழுதினார். முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் தலைகால் புரியவில்லை. அவர் எழுதியதையெல்லாம் உரக்க வாசித்தார்கள். 'அமைதி' என்று எழுதினால் அதையும் கத்தினார்கள். இந்தக் கூத்துக்கு நடுவே ஏழாம் வாய்ப்பாட்டை மளமளவென்று எழுதிப் போட்டார். மூன்று முறை எழுதி, வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

செவ்வாய் காலை, மணி அடிக்கும் முன்பே கடைசி பெஞ்சு வாலுப்பெண்ணின் அம்மா மகளோடு வகுப்பு வாசலில் நின்றார். தையல்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஏழெட்டு ஐம்பத்தி நாலுன்னு எழுதியிருக்கா. கேட்டா, போர்டுலயே அப்படித்தான் இருந்துச்சுன்னு அடம்பிடிக்கிறா. அந்தக் கணக்குல துணி வெட்டினா எனக்கு ரெண்டு அங்குலம் குறையுமே!"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். நேற்றைய எழுத்து அழியாமல் இருந்தது. அவர் கையெழுத்தேதான். காது வரை சூடேறியது. குரல் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். சாக்பீஸை எடுத்து, "தப்பு என்னுடையது. நன்றி" என்று எழுதினார்.

"அய்யோ, இதுக்குப் போய் நன்றியா?" என்று அந்த அம்மா கூச்சத்தோடு நழுவினார்.

மற்ற முப்பது நோட்டிலும் ஐம்பத்து நான்குதான். முப்பதிலும் கீழே பெற்றோர் கையெழுத்து!

வாலு எழுந்தாள். "டீச்சர், நாங்க தப்பு பண்ணா பத்து தடவை எழுதச் சொல்வீங்கல்ல?"

டீச்சர் ஒரு கணம் அவளை முறைத்தார். பிறகு பலகைப் பக்கம் திரும்பிச் சரியான விடையைப் பத்து முறை எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒன்பதாவதில் சாக்பீஸ் உடைந்தது. விடவில்லை, வேறு எடுத்துக் கொடுத்தார்கள்.

பத்தும் முடிந்ததும் அன்றைய வீட்டுப்பாடத்தை எழுதினார்: "கையெழுத்துப் போட்டவர்கள் ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு முறை எழுத வேண்டும். திருத்துவது நீங்கள்."

புதன்கிழமை நோட்டுகளைப் பிரித்தபோது டீச்சருக்குச் சத்தமில்லாமல் சிரித்து வயிறு வலித்தது. ஏழாறு நாற்பத்து மூன்று என்று எழுதிய ஒருவருக்கு, "அவசரம் கூடாது அப்பா" என்று சிவப்புப் பென்சிலில் குறிப்பு. அதிகாரியாக இருக்கும் ஓர் அப்பா மட்டும் பள்ளிக்குப் போன் செய்து சத்தம் போட்டார்.

"கையெழுத்துப் போட்டது நீங்கதானே சார்?" என்றார் சிஸ்டர். "அப்போ எழுதிக் குடுத்துடுங்க. அழகா எழுதினா தனி மார்க்."

அன்று மாலை டீச்சரின் கணவர், "இத்தனை வருஷத்துல இந்த வாரம்தான் நான் ஒரு பேச்சை முழுசா பேசி முடிச்சேன்" என்றார். தலையணை பறந்து வந்தது.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில், 'அருள்நிறை மரியே' சொல்லிக்கொண்டிருந்த பையனுக்குப் பாதியில் மறந்துபோனது. வழக்கமாக டீச்சரின் குரல் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கும். அவர் வாயைத் திறந்து, அவசரமாகக் கையால் பொத்திக்கொண்டார். அதற்குள் வாலு அடுத்த வரியைப் பிடித்துவிட்டாள்; வகுப்பே அவளோடு சேர்ந்துகொண்டது. பின்வரிசையில் நின்ற டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை பாதிக் குரல் வந்தது. எட்டாம் வாய்ப்பாட்டை எழுதி முடித்து, "சரியா இருக்கான்னு பாருங்க" என்றார் கரகரவென்று. முப்பத்தொரு பேரும் விரல்களை மடக்கிச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.