பச்சைப் பொத்தானில் ஒரு குச்சி

என் அண்ணன் சவரிமுத்து குடித்துவிட்டுச் சாகவில்லை. நான் கதை படித்துக்கொண்டிருந்தேன். அதனால் செத்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட... இல்லை, முக்கியமாக அம்மாவிடம்! உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே இருக்கிறது. என்னை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. அப்பா இறந்த பிறகு, குத்தகை நிலத்தையும் எங்களையும் சுமந்தவன் அவன்தான்.

தவக்காலம் தொடங்கிய வாரம் மூலக்குளத்தில் ஒரு வீட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனான். அந்த வீட்டுப் பையன் காலேஜுக்குப் போய்விட்டானாம். அவன் படித்துப் போட்ட புத்தகங்களை ஒரு சாக்கில் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். படக்கதைகள், துப்பறியும் சிறுவர்களின் கதைகள், அட்டை போன நாவல்கள்... அண்ணன் எல்லாவற்றையும் என் முன்னால் கொட்டினான்.

"இந்தா பாப்பா, படிச்சிட்டு எனக்குச் சொல்லு. எனக்கு பொம்ம புரியிது. பக்கத்துல இன்னா எழுதிக்கீதுன்னுதான் தெரில."

அந்த ஒரு மாதம் நான் நானாக இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தவள், போகப்போக ஓடினேன். என் வயதுப் பெண் ஒருத்தி தனியாகக் கப்பலில் போனாள்! முகமூடி போட்டவன் குதிரையில் பாலைவனத்தைத் தாண்டினான்! ஒரு கட்டத்தில் பாறையிலிருந்து விழுவான், அடுத்த கட்டத்தில் எழுந்து நிற்பான். நடுவில் வெறும் வெள்ளைக் கோடு. எவ்வளவு பெரிய ஆபத்தும் அந்தக் கோட்டோடு நின்றுவிடும் என்று நானும் நம்பினேனோ? நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பொழுது சாய்ந்து அண்ணன் சோற்றில் கை வைத்ததும் கதை கேட்பான்.

"அந்தக் குதிரக்காரன் எப்பப் பாத்தாலும் ஓடிக்கினே கீறானே, குதிரைக்கு எவன்டி புல்லு போடுறான்?"

"கதைல அதெல்லாம் கேக்கக் கூடாதுண்ணா."

"பின்ன? வாயில்லாத ஜீவன் பட்டினியா ஓடுமா? எழுதனவன் மாடு கூட வளத்திருக்க மாட்டான்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்டதேயில்லை.

பகலில் எனக்கு ஒரே வேலைதான். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்து ஆப் ஆகிவிடும். திரும்ப வந்ததும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் கிணற்றுக்குள் மேடையில் இருக்கும் மோட்டார் ஓடும், பயிருக்குத் தண்ணீர் பாயும்.

காத்திருக்கச் சலித்தவர்கள் பச்சைப் பொத்தானை உள்ளே தள்ளி ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போவார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அண்ணன் மட்டும் விடமாட்டான்.

"உள்ள எவனாவது எறங்கியிருந்தா இன்னா ஆவுறது? அதெல்லாம் நம்மகிட்ட வாணாம்."

அன்று காலை அவன் சொல்லிவிட்டுப் போனான்: "அந்த மலைமேல தொங்கறானே ஒரு பையன், அவன் கதைய இன்னிக்கி முடிச்சி வையி. நேத்திலேருந்து அதே நெனப்பா கீது."

கரண்ட் போயிருந்தது. நான் படக்கதையைப் பிரித்தேன். அந்தப் பையன் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். நடுவில் எழுந்திருக்க மனம் வரவில்லை. வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துப் பொத்தானில் செருகினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அவ்வளவுதானா?

இல்லை. இன்னும் இருக்கிறது.

அண்ணன் வந்தான். காலையிலிருந்து மோட்டார் பெல்ட் வழுக்குகிறது, கரண்ட் இல்லாதபோதே சரி செய்துவிடலாம் என்று கிணற்றுக்குள் இறங்கினான். மேடைக்குப் போனதும் அங்கிருந்து கத்தினான்.

"அமலி! ஸ்டார்ட்டரு உழுந்துச்சா?"

"ம்..."

தலையை நிமிர்த்தவில்லை நான். கேள்வி காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. "நல்லாப் பாத்தியா?" என்று இன்னொரு முறை கேட்டான். "பாத்தேண்ணா, சும்மா இரு!" என்று எரிந்து விழுந்தேன். அண்ணனோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

கொட்டகை பல்பு எரிந்தது. ஒரு நொடி... சொல்லவே கூசுகிறது... வெளிச்சம் வந்ததே, நன்றாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகுதான் சத்தம் கேட்டது. பெல்ட் அவன் துண்டைப் பிடித்து இழுத்திருக்கிறது. அதற்குமேல் என்னால் எழுத முடியாது.

குச்சியைப் பிடுங்கி, மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அலறினேன். ஆனால் ஆட்கள் ஓடி வருவதற்குள் அந்தக் குச்சியைப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் எறிந்தேன்! என் கை எப்படி அவ்வளவு தெளிவாக வேலை செய்தது? யார் கற்றுக் கொடுத்தது? மடை திருப்பப் போயிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அழுகை நிஜம். சொன்னது பொய்.

நிலத்துக்காரர் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஸ்டார்ட்டர ஆப் பண்ணாம, மோட்டாரு ஓடறப்பவேயா எறங்கனான்? காத்தாலயே சாராயக்கடைக்குப் போயிட்டு வந்திருப்பான்" என்றார். மாலைக்குள் ஊர் முழுக்க அதுவே பேச்சு. அண்ணன் மாதா திருவிழாவுக்கு மட்டும் குடிப்பவன். அம்மா முதலில் அவரோடு சண்டை போட்டாள். பிறகு சத்தம் குறைந்தது. கடைசியில் அவளும் நம்பிவிட்டாள். வேறு எதை நம்புவாள்? நான்தான் வேறு எதையும் கொடுக்கவில்லையே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்த சில நாளில், யாரும் இல்லாதபோது, அந்தப் படக்கதையின் மிச்சப் பக்கங்களைப் படித்தேன். ஆமாம், படித்தேன். மலையில் தொங்கியவன் பிழைத்துக்கொண்டான்.

ஈஸ்டருக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இன்று சொல்லிவிடுவது என்றுதான் முழந்தாளிட்டேன். வாயைத் திறந்தால், "சாமி, கதப் பொஸ்தகம் படிச்சேன்" என்று வந்தது.

"தவக்காலத்துலயா?"

"ஆமாங்க சாமி."

"வேற?"

மரச்சட்டத்தின் அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"வேற ஒண்ணும் இல்லீங்க சாமி."

ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாள் பூசையில் நன்மை அப்பம் வாங்கினேன். நாக்கில் அது கரையும்வரை கண்ணைத் திறக்கவில்லை. புத்தகங்களைச் சாக்கோடு அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன். அவை என்ன பாவம் செய்தன?

நேற்று கல்லறைத் திருநாள். அண்ணன் கல்லறையில் புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். அம்மா மண்ணைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"ஏன்டா சவரி, குடிக்காதன்னு எத்தினி தபா சொன்னேன்? கேட்டியாடா? எங்கள இப்படி வுட்டுட்டுப் போயிட்டியே பாவி..."

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். இதோ, இப்போது... சொல்லிவிடு... சொல்லிவிடு!

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போவட்டும்டா. நான் மன்னிச்சிட்டேன். நீ நிம்மதியா தூங்கு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் மன்னிச்சிட்டேன்னு சொல்லுடி. ஒங்கண்ணன் ஆத்துமாவுக்கு நல்லது."

சொன்னேன்.