ஆறு மணிச் சோறு

எனக்கு ஒன்பது வயதாகும்வரை என் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அது ஒரு குறையாகவும் எனக்குத் தோன்றியதில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுவதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, ஆனாலும் காலையில் தண்ணீர் இருக்கிறது. அம்மாவும் அப்படி எப்போதோ சாப்பிட்டுவிட்டுத்தான் நடமாடுகிறாள் என்று நினைத்திருப்பேன். உண்மையைச் சொன்னால் அப்படிக்கூட நினைத்திருக்க மாட்டேன்.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் வயலும் கொஞ்சம் தென்னையும் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் அப்பா, அம்மா, நான், பிறகு அப்பாவின் அக்காவான அத்தை. கல்யாணமான மூன்றாம் வருடமே மாமா காலமாகிவிட, அத்தை பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். அடுக்களைப் பொறுப்பு அவள் கைக்கு வந்தது. அம்மா மருமகளாக வந்து சேர்வதற்குள் அந்த அடுக்களையின் சட்டங்களெல்லாம் போட்டு முடிந்திருந்தன. முதலில் ஆண்கள், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் வேலைக்கு வந்தவர்கள், கடைசியாக மிச்சமுள்ளவர்கள். மிச்சமுள்ளவர்கள் யார் யார் என்று நான் கேட்டதில்லை.

அப்பா வயலிலிருந்து வந்து, ஆற்றில் குளித்து, கோயிலுக்குப் போய், கடைமுக்கில் நின்று ஊர்க் கதை பேசிவிட்டு வரும்போது எட்டரை மணி ஆகிவிடும். அவர் சாப்பிட்டு எழுந்து, பாத்திரங்கள் ஒதுங்கி, காலைக்கு அரிசி களைந்து வைத்த பிறகு, ஆறிப்போன சோறும் சட்டியின் அடியில் கிடக்கும் புளிக்கறியும்தான் அம்மாவுக்கு. தின்ற கையோடு பாயில் சாய்வாள். சாய்ந்ததும் நெஞ்சு எரியத் தொடங்கும். தின்றதெல்லாம் புளித்து, தொண்டைவரைக்கும் எதுக்களித்துக்கொண்டு வரும். எழுந்து பத்தாயத்தில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெல் போட்டு வைக்கும் அந்தப் பெரிய மரப்பெட்டியில் அம்மாவின் தலை படுகிற இடம் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போயிருந்தது.

ஆப்பத்துக்குப் போடுகிற சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். ஊர்க் கம்பவுண்டர் குப்பியில் மருந்துத் தண்ணீர் கொடுத்தார். குப்பியின் பக்கவாட்டில், குடிக்கிற அளவு தெரிய, வேளைக்கு ஒரு வெட்டு வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். குடித்தால் அடங்கும், குப்பி காலியானதும் திரும்பி வரும். அடுக்களை ஜன்னலில் காலிக் குப்பிகள் வரிசையாகச் சேர்ந்தன. அம்மா மெலிந்துகொண்டே போனாள். ஒருநாள் நெல் அவிக்கும்போது அண்டாவுக்குப் பக்கத்திலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். தீ முந்தானைக்கு ஒரு முழம் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. அன்றுதான் அப்பா பயந்தார்.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு வீட்டு மாடியில் டாக்டரம்மா ஒருவர் வைத்தியம் பார்த்து வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கைக்கடிகாரம் கட்டிய பெண்ணை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அந்த வியப்பிலிருந்து மீள்வதற்குள் அவர் அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, அப்பா எடுத்துச் சென்றிருந்த காலிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முடித்திருந்தார். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு அவருக்கு.

“ராத்திரி ஊணு எத்தனை மணிக்கு?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா, எட்டு எட்டரை இருக்கும் என்றார்.

“நீங்க கண்டிருக்கா?”

அப்பா வாயைத் திறந்து, பின்பு மூடிக்கொண்டார். எங்கள் தொழுவத்தில் எந்த மாடு எவ்வளவு வைக்கோல் தின்னும், எது தவிட்டுத் தண்ணீரை மிச்சம் வைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். டாக்டரம்மா என்னையும் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் முதன்முதலாக, அம்மா சாப்பிடும்போது முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லை.

“எல்லாரும் தின்னு களிஞ்ச பொறவுதான். ஒம்பதரை ஆவும்” என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. “சில நாளு பசியே போயிரும்.”

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். குப்பி மருந்து இரண்டு மணி நேரத்துக்குத் தீயை மூடி வைக்கும், அவ்வளவுதான். நேரங்கெட்ட நேரத்தில், புளியும் வத்தலும் சேர்த்துத் தின்று, உடனே படுத்தால் வயிற்றில் இருக்கிற புளிப்பு மேலேதான் ஏறும். வேறு எங்கே போகும்? இப்படியே விட்டால் குடல் புண்ணாகிவிடும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில், அப்படியானால் மருந்து என்று இழுத்தார். பஸ் பிடித்து வந்ததற்கு ஒரு குப்பியாவது வேண்டுமே.

டாக்டரம்மா சீட்டை எடுத்து நாலைந்து வரி மலையாளத்தில் எழுதி நீட்டினார். “இதுதான் மருந்து. ஆறு மணிக்குள்ளே சோறு. தவறக் கூடாது.”

வீட்டுப் படியிலேயே அத்தை குப்பி எங்கே என்று கேட்டாள். குப்பி இல்லை, சோறுதான் மருந்தாம் என்றார் அப்பா.

“அதத்தான இத்தன வருசமா இங்க ஆக்கிப் போட்டோம்?” என்றாள் அத்தை.

ஆனால் ஆறு மணிக்குள் என்றதும் அவள் முகம் மாறியது. ஆண்பிள்ளை வயலில் நிற்கும்போது, விளக்கு வைக்கிற நேரத்தில், வீட்டுக்காரி இலைக்கு முன்னால் உட்காருவதா, ஊர் என்ன சொல்லும் என்று அடுக்களைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து பேசினாள். சும்மா ஓர் ஆசையாக அம்மா அதைக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அப்பா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தார். எழுத்து இருந்த பக்கத்தை அத்தையிடம் காட்டினார்.

“மருந்துக்கு நேரங்காலம் பாக்கக் கூடாதுக்கா” என்றார்.

மருந்து என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து சாயங்காலம் வந்து திரும்புகிற பஸ்தான் ஆறு மணி. மறுநாள் அந்தப் பஸ்ஸின் சத்தம் கேட்பதற்கு வெகுநேரம் முன்பே அப்பா வயலிலிருந்து வந்துவிட்டார். காலில் சேறு காயவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார். அடுக்களைக்கு வெளியே, மேற்கு வெயில் விழுகிற இடத்தில், அத்தை ஓர் இலையைப் போட்டாள். குழைய வடித்த சோறு, வேகவைத்த சிறுபயறு, தேங்காய் கொஞ்சமாகச் சேர்த்த தடியங்காய், அதாவது வெண்பூசணிக் கூட்டு. புளி இல்லை, வத்தல் இல்லை. அம்மா வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“தின்னு” என்றார் அப்பா. அம்மா அசையவில்லை. அவர் சீட்டை எடுத்துப் பார்த்து, “சின்னச் சின்னதா உருட்டணும், நல்லா மெல்லணும்னு போட்டிருக்கு” என்று வாசித்தார்.

அம்மா தின்றாள்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். கோயிலில் திரை விலகும்போது மூச்சு ஒரு நொடி நிற்குமே, அப்படித்தான் எனக்கு நின்றது. எனக்கு ஊட்டுகிற, பரிமாறுகிற, இடிக்கிற, தேய்க்கிற அந்தக் கை, தன் வாய்க்குப் போயிற்று. அம்மாவுக்கு விரல் நுனி மட்டும்தான் நனைந்தது. கூட்டில் கிடந்த தேங்காய்த் துருவலை அவள் ஒவ்வொன்றாக இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். எல்லாம் தின்று முடித்தபின் அந்தத் துருவலை மட்டும் ஒன்றாகக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். நானும் அப்படித்தான் செய்வேன், பிடித்ததைக் கடைசிக்கு வைப்பேன். அம்மாவுக்கும் பிடித்தது என்று ஒன்று உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெருவில் ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்னவென்று சொல்வது?

அதன்பிறகு அந்தச் சீட்டின் ஆட்சிதான். காலையில் வெறும் வயிற்றில் குடித்துவந்த கடுங்காப்பி நின்று, கஞ்சி வந்தது. பழையதும் நார்த்தங்காய் ஊறுகாயும் அம்மாவை விட்டு விலகின. வயிறு முட்டத் தின்னாமல், நாலு வேளையாகப் பிரித்துத் தின்ன வேண்டும். வீட்டில் இருந்த ஒரே கட்டில் அப்பாவுடையது. அதன் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அப்பா இரண்டு செங்கல் வைத்து, அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டு, பாயைத் தான் எடுத்துக்கொண்டார். தின்றபின் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றும் இருந்தது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் நடந்தாள். எதிரே வருகிறவர்களெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். குடமும் இல்லை, துணிமூட்டையும் இல்லை. அம்மா ஒவ்வொருவரிடமும் நின்று திணறிவிட்டு, கடைசியில், “மருந்துக்கு” என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

சீட்டு என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் அப்பா ஒருவர்தான். ஆனால் அத்தை ஏதாவது முணுமுணுக்கும்போதெல்லாம் அவர் அதை விரித்து, அதுவரை வாசிக்காத ஒரு வரியை வாசிப்பார். மட்டி வாழைப்பழம் தினம் ஒன்று. சாப்பிடும்போது யாரும் கூப்பிடக் கூடாது. நெல் அவிக்கிற நாளில் அம்மா தனியாக நிற்கக் கூடாது. அத்தனை சிறிய காகிதத்துக்குள் அந்த டாக்டரம்மா எவ்வளவு எழுதி அடக்கியிருக்கிறார் என்று நான் பிரமித்துப்போவேன். கடைமுக்கில் அப்பாவைக் கேலி செய்தார்கள் என்பதும், அவர் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. முதல் பத்து நாள் எரிச்சல் இருந்துகொண்டுதான் இருந்தது. அத்தை ஜன்னலில் இருந்த குப்பிகளை அர்த்தத்தோடு பார்ப்பாள். அப்புறம் ஒரு காலையில் நான் விழித்துப் பார்த்தபோது, செங்கல் வைத்த கட்டிலில், அம்மா ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. விடிந்தபிறகும் அம்மா படுத்துக் கிடப்பதை நான் பார்த்ததே இல்லை என்பதால் பயந்துபோய் அப்பாவை எழுப்பினேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். என் தோளில் கையை வைத்து, பேசாதே என்று ஜாடை காட்டினார். குப்பியும் இல்லாமல், கஷாயமும் இல்லாமல், சூரியன் இருக்கும்போதே சோறு தின்றதால் ஒரு நோய் போகுமா? நாங்கள் இரண்டு பேரும் அதிசயம் பார்ப்பதுபோல நின்றோம்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு வந்தது. களத்தில் மாடு மிதித்து நெல் பிரிக்கிற சூடடிப்பு. இருபது பேருக்குச் சோறு. அடுக்களையில் இரண்டே பெண்கள். முதல் நாள் அம்மாவின் ஆறு மணி தவறியது. இரண்டாம் நாளும் தவறியது. அப்பாவோ களத்தை விட்டு அசைய முடியாது. அவர் ஆளனுப்பிக் கேட்டபோது, தின்றாகிவிட்டது என்று அம்மா பொய் சொல்லி அனுப்பினாள். அன்று கட்டில் வெறுமனே கிடந்தது. காலையில் பத்தாயத்தில் சாய்ந்தபடி, கண் குழிந்து, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பெரிய பானையில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அத்தை வந்து அம்மாவின் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கினாள்.

“போயி இரி” என்றாள். “பஸ்சு வரப்போகு.”

இருபது பேர் காத்திருக்கிறார்களே என்றாள் அம்மா. காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அத்தையே இலையைப் போட்டாள். அம்மாவுக்கென்று தனியாகக் குழைய வடித்து வைத்திருந்த சோற்றை அவளே பரிமாறினாள். எப்போது வடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இரண்டு வாய் தின்றபின்னும் அத்தை போகவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். களத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“எரிச்சலு நெசமாவே நிக்குதா பிள்ளே? நீ சும்மா சொல்லல்லியே?”

அம்மா கையை இலையில் வைத்தபடி அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, இடது கையால் இன்னோர் இலையை உருவி, தன் இலைக்குப் பக்கத்தில் போட்டாள். அத்தை வேண்டாம் என்பாள், திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இலைக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மா தன் சோற்றில் பாதியை எடுத்து அவளுக்கு வைத்தாள்.

எனக்கு இது பெரிய செய்தியாக இருந்தது. அம்மாவின் மருந்தை அத்தை தின்கிறாள்! களத்துக்கு ஓடினேன். மாடுகள் வைக்கோலை மிதித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா தார்க்குச்சியோடு அவற்றின் பின்னால் நடந்துகொண்டிருந்தார். கூடவே நடந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா நின்றுவிட்டார். மாடுகள் அவர் இல்லாமலேயே ஒரு சுற்று போயின. அவர் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தின்னட்டும். நீ அங்கின போயி நிக்காத” என்றார்.

“அத்தைக்குத்தான் ஒரு சீக்கும் இல்லையேப்பா, அவளுக்கு என்னத்துக்கு மருந்து?” என்று கேட்டேன்.

அப்பா தார்க்குச்சியை ஓங்கிக்கொண்டு மறுபடியும் மாடுகளின் பின்னால் நடந்தார். மாடுகளின் மிதியிலும் ஆட்களின் கூச்சலிலும் நான் கேட்டது அவர் காதில் விழவில்லை என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.